நடை பயிலும் பிள்ளைகள்



ஊத்துக்கோட்டையைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் சிறிது தொலைவு சென்றால் நாகலாபுரம் என்னும் ஊர் வரும். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலா தேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பர். அங்கே வேதநாராயணப் பெருமாள் கோயில் உளது. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மாலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயில் வழியே நுழைந்து, முதல் நாள் மூலவரின் திருவடியிலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படியும். அதனைக் காண அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தெலுங்கரும் தமிழருமாக மக்கள் திரள்வார்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோதும், 1960இல் எல்லை திருத்தப்பெற்றுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் எங்கள் ஊர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. 2022இல் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஊர் நகரவில்லை, முகவரிதான் மாறிக்கொண்டே வருகிறது.

யாம் தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகின்றோம். எம் தங்கையின் மகன் நாகலாபுரத்தில் வளர்கின்றான். வயது ஒன்பது. ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஒரு வயதாகியும் தலை சரியாக நிற்கவில்லை. கால்களைத் தூக்கினால் கத்தரிக்கோல் போல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். நிறுத்தினால் குதிகால் தரையில் படாது. ‘சில பிள்ளைகள் காலம் தாழ்த்துத்தான் நடக்கும்’ என்று உறவினர் தேற்றினர். அந்தத் தேறுதலை யாமும் தொலைபேசியில் பலமுறை சொன்னோம். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பதை இப்பொழுது அறிகின்றோம்.

இதற்கு மூளை முடக்குவாதம் என்று பெயர். வளர்கின்ற மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ நேர்ந்த சேதத்தால் தசைகளுக்குச் செல்லும் ஆணை குழம்பிப் போவதே இதன் இயல்பு. ஆகவே பழுது காலில் இல்லை. மூளையில் நேர்ந்த அந்தச் சேதம் வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கின்றது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்க இயலாமையால் முழங்கால் மடங்கும், இடுப்பு மூட்டு மெல்ல நழுவும். ஆயிரம் பிறப்புக்கு இரண்டு அல்லது மூன்று என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. இஃது ஒட்டுநோய் அன்று. தாய் செய்த பாவமும் அன்று. இறுதியில் சொன்னதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், எம் தங்கை அதனை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டாள் என்பதை யாம் அறிவோம்.

இலண்டன் மாநகர வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர் 1861இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்தாமும் சிறுவயது நோயால் ஒரு பாதம் திரும்பியவர். ஜெர்மனிக்குச் சென்று தசைநாண் அறுவை செய்துகொண்டு நேரானவர். உளநூலால் பெயர்பெற்ற பிராய்டும் 1897இல் இது குறித்து ஒரு பெருநூல் எழுதினார். கடினமான பேறுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று லிட்டில் கருத, பேறு கடினமானதே கருவில் முன்னரே நேர்ந்த குறையின் அடையாளமாக இருக்கலாம் என்று பிராய்டு ஐயுற்றார். மருத்துவச்சி மேல் பழி போடும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருப்பதால் இதனைக் குறிப்பிடுகின்றோம்.

எமது தொழிலைச் சார்ந்த ஒரு சொல்லை இங்கே சொல்ல இடந்தர வேண்டும். ‘ரிஹாபிலிடேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ‘மறுவாழ்வு’ என்று பெயர்ப்பது அலுவலக வழக்கு. யாமும் பலநூறு தாள்களில் அவ்வாறே பெயர்த்தோம். விபத்தில் கால் இழந்தவருக்கு அச்சொல் பொருந்தும். இருந்தது போயிற்று, அதனை மீட்கின்றோம். ஒருநாளும் நடந்திராத பிள்ளைக்கு மீட்பதற்கு என்ன இருக்கின்றது? இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையில், 26ஆம் பிரிவின் தலைப்பிலேயே ‘ஹாபிலிடேஷன்’, ‘ரிஹாபிலிடேஷன்’ என இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது, இல்லாத திறனைப் புதிதாகப் பயிற்றுவது. பின்னது, இழந்த திறனைத் திருப்பித் தருவது. தமிழில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். இது சொல்லாராய்ச்சி அளவில் நின்றிருந்தால் பெரிதன்று. ஆனால் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் அந்தப் பிழையிலேயே கழிந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய ‘சரியான நடை’ ஒன்று எங்கோ இருக்கின்றது, அதனை இவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றே அனைவரும் அலைந்தோம்.

மூன்று வயதில் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். ஊரும் பேரும் வேண்டா. ஒன்பது மாதத்தில் நடக்க வைப்பதாக அவர் சொன்னார். பணம் அனுப்பியவர் யாமே. கால்களை நீட்டிப் பலகையில் கட்டி மணிக்கணக்காகக் கிடத்துவது, இறுகிய தசையை வலிக்க வலிக்க இழுப்பது, எண்ணெய் தேய்ப்பது — இவையே சிகிச்சை. ஒன்பது மாதம் இரண்டு ஆண்டுகளாயிற்று. அந்தத் தெரு முனையைக் கண்டாலே பிள்ளை அழத் தொடங்குவான். தங்கையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவன் நடக்கவில்லை.

பிறகு ஒரு முகாமில் இயன்முறை மருத்துவ அம்மையார் ஒருவர் அவனைப் பார்த்தார். அவர் காலைத் தொடுமுன் பிள்ளையை நோக்கி, ‘நீ தனியாக எங்கே போக வேண்டும்?’ என்று கேட்டார். ஐந்து ஆண்டுகளில் அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. ‘கடைக்கு’ என்றான். ‘எதற்கு?’ ‘கடலை மிட்டாய் வாங்க. பாட்டிக்குத் தெரியாமல்.’ அம்மையார் சிரிக்கவில்லை, தாளில் குறித்துக்கொண்டார். பின் தங்கையிடம், ‘இவன் நடப்பான் அம்மா. கையில் சட்டம் பிடித்து நடப்பான். சட்டம் இல்லாமல் நடப்பான் என்று நான் சொன்னால் அது பொய்’ என்றார். தங்கை அன்று இரவு முழுதும் அழுதாள் என்று பின்னர் அறிந்தோம். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் வேலை தொடங்கிற்று.

அவ்வளவு உறுதியாக அவர் எப்படிச் சொன்னார்? 1997இல் கனடா நாட்டில் பலிசானோ என்பவரும் அவர்தம் குழுவினரும் இப்பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படியினர் தடையின்றி நடப்பர். இரண்டாம் படியினர் படிக்கட்டிலும் மேடுபள்ளத்திலும் இடர்ப்படுவர். மூன்றாம் படியினர் கையில் சட்டமோ ஊன்றுகோலோ பிடித்து நடப்பர். நான்காம் படியினருக்குச் சக்கர நாற்காலியே பெரும்பாலும் துணை. ஐந்தாம் படியினரைப் பிறர் தள்ளிச் செல்ல வேண்டும். 2002இல் அதே நாட்டில் ரோசன்பாம் குழுவினர் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, ஒவ்வொரு படியினரும் எந்த வயதில் எவ்வளவு இயக்கம் பெறுவர் என்று வரைந்து காட்டினர். முதற்படிப் பிள்ளைகள் தாம் அடையக்கூடிய இயக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஐந்து வயதை நெருங்கும்போதே அடைந்துவிடுகின்றனர்; ஐந்தாம் படியினர் மூன்று வயதுக்குள்ளாகவே. ஒரு படியில் உள்ள பிள்ளை வேறு படிக்கு மாறுவது அரிது. இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் பிள்ளை நடக்கும் வாய்ப்பு மிகுதி.

இதைக் கேட்கும் தாய் ஒருத்தி, ‘அப்படியாயின் ஐந்து வயதுக்குமேல் முயல்வதில் பயன் என்ன?’ என்று கேட்கலாம். பயன் உண்டு. வரைபடம் சொல்வது இயக்கத்தின் எல்லையை. அந்த எல்லைக்குள் பிள்ளை எவ்வளவு தூரம், எவ்வளவு களைப்பின்றி, எவர் துணையுமின்றிச் செல்கின்றது என்பது பயிற்சியைப் பொறுத்தது. பதின்ம வயதில் எடை கூடி முழங்கால் மடங்கி, பெற்றதையும் இழக்கும் பிள்ளைகள் பலர். அதைத் தடுப்பதும் பயிற்சியே.

எந்தப் பயிற்சி என்பதில்தான் பழைய எண்ணம் மாறியிருக்கின்றது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் குழுவினர் 2013இலும் 2020இலும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, பயன் தருவன எவை, தாராதன எவை என்று பிரித்துக் காட்டினர். பிள்ளை படுத்திருக்க மற்றவர் கையை காலை நீட்டி மடக்குவதால் இயக்கம் கூடுவதாகத் தெரியவில்லை. பிள்ளை தானே விரும்பிய ஒரு செயலை, அச்செயல் நிகழும் இடத்திலேயே, தானே முயன்று, பலமுறை செய்வதால் கூடுகின்றது. கடைக்குப் போக வேண்டுமென்றால் கடைத்தெருவிலே பயில வேண்டும். எண்ணெய் தேய்ப்பது பிள்ளைக்கும் பாட்டிக்கும் இன்பம் தரும். அதை விட வேண்டியதில்லை. நடை அதனால் வாராது என்பதை மட்டும் அறிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. உயரம் குறைந்த முக்காலி ஒன்றில் அமர்ந்து கைப்பிடியின்றி எழுவது: காலையில் பத்து, மாலையில் பத்து. திண்ணைத் தூணைப் பிடித்துப் பக்கவாட்டில் அடியெடுப்பது. குழாயடியில் நின்றபடியே பல் துலக்குவது; உட்கார்ந்து துலக்கலாகாது. கணுக்காலுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் தாங்கி குதிகாலைத் தரையில் நிறுத்திற்று. நடைச்சட்டம் பின்புறம் அமைவது: பிள்ளை அதைத் தள்ளாமல் தனக்குப் பின்னே இழுத்துக்கொண்டு நடக்கின்றான். முன்னால் உள்ள சட்டத்தின்மேல் பிள்ளை கவிழ்ந்து சாய்வான். பின்னால் இருந்தால் நிமிர்ந்தே ஆக வேண்டும். அவன் அதற்கு ‘வண்டி’ என்று பெயரிட்டான்.

பாட்டிக்கு, அதாவது எம் அன்னைக்கு, அந்த வண்டி பிடிக்கவில்லை. பேரனை இடுப்பில் சுமந்தே ஆறு ஆண்டு பழகியவர். வீட்டில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளன்று வண்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பிள்ளையை உள்ளறையில் இருக்கச் சொன்னார். கூடத்தில் எல்லோரும் பலகாரம் உண்டுகொண்டிருக்கையில் அவன் முழங்காலால் தவழ்ந்து வந்து நடுக்கூடத்தில் நின்று, ‘பாட்டி, என் வண்டி எங்கே?’ என்றான். ஒருவரும் பேசவில்லை. சிறிது பொறுத்து எம் அன்னையே பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து அதை இறக்கச் சொன்னார். யாம் அப்பொழுது விடுமுறையில் அங்கிருந்தோம். பரணில் ஏற்ற ஏணி பிடித்தவர் யாம்தாம் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

நேயர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய மூன்று எண்கள் உள்ளன: 5, 50, 500. மெல்போர்ன் நகரில் கிரகாம் என்னும் எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட அளவுகோல் இது. ‘பிள்ளை நடக்குமா?’ என்று ஒரே கேள்வி கேட்காமல், 5 மீட்டர் எப்படிச் செல்லும், 50 மீட்டர் எப்படிச் செல்லும், 500 மீட்டர் எப்படிச் செல்லும் என்று மூன்று கேள்வி கேட்பது. முதலாவது வீடு, இரண்டாவது பள்ளி, மூன்றாவது ஊர். ஒரே பிள்ளை வீட்டில் சுவரைப் பிடித்தும், பள்ளியில் நடைச்சட்டத்தோடும், கடைத்தெருவில் சக்கர நாற்காலியிலும் செல்லலாம். மூன்றும் அதன் செலவே. ஒன்று உயர்வு, ஒன்று இழிவு என்பதில்லை.

எம் தங்கைக்கு மூன்றாவது எண்தான் கசந்தது. ‘நாற்காலியில் உட்கார்த்தினால் காலை மறந்துவிடுவான்’ என்றாள். பல பெற்றோர் அஞ்சுவதும் இதுவே. ஆனால் இப்பிள்ளைகள் ஒரே தூரம் நடக்க மற்றப் பிள்ளைகளைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆற்றலைச் செலவிடுகின்றனர். பள்ளிக்கு நடந்தே சென்று சேர்ந்த பிள்ளை முதற்பாடத்திலேயே உறங்கிவிட்டால், அந்த நடையால் யாருக்கு நன்மை? தொலைவுக்கு நாற்காலி, அணிமைக்குக் கால் என்று பிரித்துக்கொண்ட பிறகு அவன் மாலையில் நடப்பது கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

மருந்தும் கத்தியும் இதில் உண்டா என்று கேட்டால், உண்டு. இறுகிய தசையில் போட்டுலினம் ஊசி போட்டால் சில மாதம் தளரும்; அந்தச் சில மாதத்தில் பயிற்சி செய்தால்தான் பயன். அறுவை சிகிச்சையை முன்போல் ஆண்டுக்கொன்றாகச் செய்யாமல், பிள்ளை சிறிது வளர்ந்தபின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் அனைத்தையும் ஒரே முறையில் செய்வது இக்கால வழக்கு. அதன்பின் ஓராண்டு அளவு பயிற்சி வேண்டும். இவை எவ்வாறாயினும், நடக்காத பிள்ளைக்கு இடுப்பு மூட்டை ஊடுகதிர்ப் படம் எடுத்துக் குறித்த காலத்தில் பார்க்காமல் விடலாகாது. மூட்டு வலியின்றியே நழுவும். தென் சுவீடனில் 1994 முதல் எல்லாப் பிள்ளைகளையும் இவ்வாறு கண்காணித்து, இடுப்பு மூட்டு முற்றும் விலகுவதைப் பெரும்பாலும் தடுத்திருக்கின்றனர்.

எங்கள் ஊரார்க்குத் திருப்பதி அண்மை. அங்கே திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985இல் நிறுவிய ‘பேர்டு’ மருத்துவமனை இளம்பிள்ளை வாதத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் அறுவையும் பயிற்சியும் தாங்கிகளும் அளித்து வருகின்றது. மறுபக்கம் வேலூர். அங்கே மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தவர். நியூயார்க் சென்று இத்துறை கற்றுத் திரும்பியவர். அவரது நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. சென்னையில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமும், 1985இல் தொடங்கிய வித்யா சாகரும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்குறை உடையோர் தேசிய நிறுவனமும் உள்ளன.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் பலர், ‘பிள்ளையை ஊருக்குக் கொண்டு போனால்தான் வைத்தியம்’ என்று கருதுகின்றனர். வேண்டியதில்லை. மும்பையில் மிது அலூர் அம்மையார் தம் மகள் மாலினியின் பொருட்டு 1972இலேயே இந்தியாவின் முதல் ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். மாலினி பட்டங்கள் பெற்று நூலும் எழுதினார். கல்கத்தாவில் 1974இல் தொடங்கிய நிலையம் இன்று இந்திய மூளை முடக்குவாத நிறுவனமாக விளங்குகின்றது. பெங்களூரிலும் தில்லியிலும் இத்தகைய சங்கங்கள் உள. ஏனைய இடங்களில் மாவட்ட அரசு மருத்துவமனையில் ‘தொடக்கநிலை இடையீட்டு மையம்’ உண்டா என்று கேளுங்கள். 2013 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்டு வருவன அவை. மொழி தெரியாவிடினும் பிள்ளையின் படி இன்னது, இரண்டு வயதில் உட்கார்ந்ததா இல்லையா, 5, 50, 500 மீட்டருக்கு எது துணை — இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் எம்மொழி மருத்துவரும் புரிந்துகொள்வார்.

தாள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. எல்லையோரத்தவர்க்கும் புலம்பெயர்ந்தவர்க்கும் சான்றிதழே பெருந்தொல்லை. ‘இது அந்த மாநிலத்தது, இங்கே செல்லாது’ என்னும் விடையைக் கேட்டுத் திரும்பியோர் பலர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, உரிய அதிகாரி வழங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று தெளிவாகக் கூறுகின்றது. அதன் தொடர்பாக வழங்கப்பெறும் தனித்த அடையாள அட்டையை வாங்கிக்கொள்வது நன்று. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ என்னும் மருத்துவக் காப்பீடு இலட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். இதை அறியாமல்தான் நாங்கள் வளையல்களை அடகு வைத்தோம். அரசுத் தாள்களை நாள்தோறும் பெயர்க்கும் எமக்கே அது தெரியவில்லை.

சென்ற கதிரவன் விழாவின்போது யாம் ஊருக்குச் சென்றிருந்தோம். வீட்டிலிருந்து கோபுரம் வரை அவனை நாற்காலியில் தள்ளிச் சென்றார் அவன் தந்தை. கோபுர வாயிலில் வண்டிக்கு மாறினான். கூட்டத்தில் சிலர் விலகினர், சிலர் பார்த்தனர், ஒரு கிழவர், ‘பாவம்’ என்றார். அவன் காதில் விழுந்திருக்கும். கல் பாவிய தளத்தில் சட்டத்தின் பின்கால்கள் கடகடவென ஒலிக்க நடந்து சென்றான். வியர்த்திருந்தான். வெளிச்சம் பாதத்தில் படிந்த நேரத்தில் முன்னால் நின்றவர்கள் மறைத்துவிட்டனர். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘நாளைக்குச் சீக்கிரம் வரலாம்’ என்றான்.

கடைக்கு அவன் தனியே சென்று வருவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. பாட்டிக்குத் தெரியாமல் என்பது மட்டும் நடக்கவில்லை. வண்டியின் ஓசை காட்டிக்கொடுத்துவிடுகின்றது. கால்களின் அடியிலுள்ள ரப்பர்க் குமிழ்கள் நான்கு மாதத்தில் தேய்ந்துபோகின்றன. யாம் புறப்படும்போது வாசலில் நின்று, ‘மாமா, அடுத்த தடவை தில்லியிலிருந்து வரும்போது நாலு ரப்பர் வாங்கி வாருங்கள், இங்கே கிடைப்பது வழுக்குகிறது’ என்றான். பழைய குமிழ் ஒன்றை அளவுக்காகக் கழற்றிக் கொடுத்திருக்கின்றான். அது எம் மேசைமேல் இருக்கின்றது.